கோப்பை வென்ற மறுவருடம் காணாமல் போன அணி: மார்க்கம் தண்டர் பற்றிக் கேள்வி பதில்

போன வாரம் பெண்கள் ஐஸ் ஹாக்கி பற்றிப் பேச்சு வந்தபோது, "நல்லா ஆடி கோப்பை ஜெயிச்ச அணி மறுவருடமே இல்லாமல் போகுமா, என்ன சொல்றீங்க?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். நான் கனடாவுக்கு வந்த புதிதில் பிராம்டனிலும் அப்புறம் மார்க்கமிலும் குடியிருந்தவள், அந்த அணியின் ஆட்டங்களைப் பல வருடம் விடாமல் பார்த்தவள். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (திருச்சி, வங்கி ஊழியர்): எந்த அணி இது? முதலில் சுருக்கமாகக் கதையைச் சொல்லிவிடுங்கள்.

தண்டர். 1998இல் டொராண்டோவுக்குப் பக்கத்து ஊரான பிராம்டனில் தொடங்கியது, அதனால் பிராம்டன் தண்டர். 2017 கோடையில் டொராண்டோவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மார்க்கமுக்கு இடம் மாறி மார்க்கம் தண்டர் ஆனது. மாறிய முதல் சீசனிலேயே, 2018 மார்ச் 25ஆம் தேதி, கனடிய மகளிர் ஹாக்கி லீக்கின் கிளார்க்சன் கோப்பையை வென்றது. 2019 மார்ச் 31ஆம் தேதி அந்த லீக் கடையைக் கட்டுவதாக அறிவித்தது, லீக்கோடு அணியும் போனது. கோப்பையைத் தூக்கியதற்கும் அணி இல்லாமல் போனதற்கும் நடுவில் ஒரு வருடமும் ஆறு நாளும்தான்.

கேள்வி (ஈரோடு): அக்கா, எனக்கு ஃபீல்டு ஹாக்கி மட்டும்தான் தெரியும். இது எப்படி ஆடுவாங்க?

ஒரு பக்கத்துக்கு கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர். இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதி. பந்துக்குப் பதில் பக் என்கிற கறுப்பு ரப்பர் வில்லை, மூன்று அங்குல அகலம், ஓர் அங்குல கனம். துள்ளாமல் வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்னால் அதை ஃப்ரீசரில் வைத்து உறைய வைப்பார்கள். களத்தைச் சுற்றி இடுப்பளவு பலகை, அதற்கு மேல் கண்ணாடி. நாற்பது ஐம்பது விநாடி முழு மூச்சாகச் சறுக்கிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிடுவார்கள், அடுத்த கூட்டம் உள்ளே குதிக்கும், ஆட்டம் நிற்காது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

கேள்வி (சேலம், கல்லூரி மாணவி): பிராம்டன் மாதிரி ஓர் ஊரில் இப்படி ஒரு அணி எப்படி முளைத்தது? யார் ஆரம்பித்தார்கள்?

அந்த ஊரில் மண் ஏற்கெனவே பக்குவமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பிராம்டன் கனடெட்ஸ் என்று சிறுமிகளுக்கான ஹாக்கிச் சங்கம் அங்கே 1960களிலிருந்து இருக்கிறது, ஈஸ்டர் விடுமுறையில் அவர்கள் நடத்தும் போட்டித் தொடர் உலகிலேயே மிகப் பெரிய பெண்கள் ஹாக்கித் தொடர்களில் ஒன்று. அதனால் மகளை ரிங்க்குக்கு, அதாவது ஐஸ் ஆடுகளத்துக்கு, அழைத்துப் போவது அந்த ஊரில் பலருக்கும் பழகிப்போன விஷயம். 1998இல் நாகானோவில்தான் பெண்கள் ஐஸ் ஹாக்கி முதல்முறையாக ஒலிம்பிக்ஸில் சேர்ந்தது. அதே வருடம் சூசன் ஃபென்னல் என்ற உள்ளூர் அரசியல்வாதி தண்டர் அணியைத் தொடங்கினார். அவர் பின்னால் பிராம்டன் மேயர் ஆனவர், அந்தக் கால மகளிர் லீக்கின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தவர்.

அணியில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். ஜெய்னா ஹெஃபர்ட், விக்கி சுனோஹாரா, லோரி டுபுயி, கொஞ்ச காலம் கழித்து ஜில்லியன் ஆப்ஸ். எல்லோரும் கனடா தேசிய அணி ஆட்கள். ஹெஃபர்ட் பற்றித் தனியாகச் சொல்லாமல் விட முடியாது. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்ஸ் இறுதி ஆட்டம், எதிரில் அமெரிக்கா, இரண்டாம் பகுதி முடிய இன்னும் ஒரே ஒரு விநாடி. நடுக்களத்திலிருந்து உயரமாக வந்த பக்கை ஓடிப்போய்ப் பிடித்து, அது துள்ளிக்கொண்டிருக்கும்போதே கோல்கீப்பரைத் தாண்டித் தள்ளிவிட்டார். கடைசியில் கனடா 3-2 என்று வென்றது, அந்த மூன்றாவது கோல்தான் தங்கம். நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய அந்த ஆட்டக்காரர் வார இறுதியில் பிராம்டன் ரிங்க் ஒன்றில் சில நூறு பேர் முன்னால் ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் வரிசையில் நின்ற சின்னப் பெண்களுக்கு ஒருவர் விடாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போவார். இந்த இரண்டும் ஒரே ஆள் என்று என் மூளைக்கு ஏறவே ரொம்ப நாள் பிடித்தது.

கேள்வி (மதுரை): தண்டர் ஒரு முறைதான் விழுந்ததா? அதற்கு முன்னாலும் பிரச்சினை இருந்ததாகப் படித்தேன்.

சரியாகப் படித்திருக்கிறீர்கள். 2007இல் பழைய லீக் முடங்கியது. அணி உரிமையாளர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அப்போது ஆட்டக்காரர்களே உட்கார்ந்து பேசி, ஜெனிஃபர் பாட்டரில், சாமி ஜோ ஸ்மால் போன்றவர்கள் முன்னின்று, கனடிய மகளிர் ஹாக்கி லீக்கைத் தொடங்கினார்கள். தண்டர் அதில் சேர்ந்து 2008இல் புதிய லீக்கின் முதல் பட்டத்தையும் வாங்கிவிட்டது. முதலில் அணி ஒரு புரவலரை நம்பி நின்றது, இப்போது லீக்கை நம்பி நின்றது, தன் சொந்தக் காலில் ஒருநாளும் நிற்கவில்லை. இந்தக் கதை முழுக்க இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

புதிய லீக் லாபநோக்கமற்ற அமைப்பு. எல்லா அணிகளும் லீக்குக்கே சொந்தம், ஐஸ் வாடகை, பயணம், சீருடை எல்லாம் லீக் கணக்கில். ஓர் அணியை யாராவது விலைக்கு வாங்கிப் பணம் போட்டு வளர்க்க வழியே கிடையாது. ஆரம்பத்தில் அது நல்ல யோசனைதான், 2007இல் பட்ட சூடு அப்படி. ஓர் உரிமையாளர் கோபித்துக்கொண்டு போனால் அணி சாகும் நிலை இனி வேண்டாம் என்று நினைத்தார்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லா முட்டையும் ஒரே கூடையில் வந்துவிட்டது.

கேள்வி (சென்னை, ஐடி): புரொஃபஷனல் அணி என்கிறீர்கள். சம்பளம் எவ்வளவு?

2017 வரை சம்பளமே கிடையாது. பூஜ்யம். 2017-18 சீசனில்தான் முதன்முதலாகக் கொடுத்தார்கள். ஓர் ஆளுக்கு, ஒரு சீசன் முழுவதற்கும், குறைந்தது 2,000 டாலர், அதிகபட்சம் 10,000 டாலர். ஓர் அணிக்கு மொத்த வரம்பு 1,00,000 கனடிய டாலர். 25 பேர் என்று வைத்தால் தலைக்குச் சராசரி 4,000. டொராண்டோ பக்கத்தில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு அந்தப் பணத்தில் சில மாத வாடகை கட்டலாம், அவ்வளவுதான். அதே வருடம் ஆண்களின் என்எச்எல் லீக்கில் ஆகக் குறைந்த சம்பளம் 6,50,000 அமெரிக்க டாலர். அந்த ஒருவருடைய சம்பளத்தில் பெண்கள் லீக்கின் அத்தனை அணிகளுக்கும் சம்பளம் கொடுத்துவிடலாம், மிச்சமும் இருக்கும்.

அதனால் எல்லோருக்கும் பகல் வேலை இருந்தது. பள்ளி ஆசிரியை, உடற்பயிற்சியாளர், அலுவலக வேலை என்று. பயிற்சி ராத்திரியில், ஏனென்றால் சாயங்கால நல்ல நேரமெல்லாம் சிறுவர் அணிகளுக்கும் வாடகை அதிகம் கொடுப்பவர்களுக்கும் போய்விடும். ராத்திரி பதினொரு மணிக்கு ஈரத் தலையோடு காரில் ஏறி, மறுநாள் காலை எட்டு மணிக்கு வகுப்பெடுக்கப் போகிறவர்களை "முழுநேர விளையாட்டு வீரர்கள் மாதிரி வேகம் இல்லையே" என்று குறை சொல்வதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

கேள்வி (கோவை): நேரில் பார்த்ததைச் சொல்லுங்களேன். மைதானம் எப்படி இருக்கும்?

மைதானம் என்று பெரிதாகக் கற்பனை பண்ணாதீர்கள். மார்க்கம் தண்டரின் சொந்த ரிங்க் தார்ன்ஹில் சமுதாயக் கூடத்துக்குள் இருந்தது, பேவியூ அவென்யூவில். அதே கட்டிடத்தில் நூலகமும் உண்டு. ஒரு கதவு வழியாகப் போனால் தாத்தா பாட்டிகள் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள், இன்னொரு கதவைத் திறந்தால் குப்பென்று குளிர்காற்றும் ஈர ரப்பர் வாடையும் மூஞ்சியில் அடிக்கும், உள்ளே ஒலிம்பிக் வீராங்கனைகள் சறுக்கிக்கொண்டிருப்பார்கள். உட்காரும் இடம் பலகைதான். போர்வையை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டு, ஃபிளாஸ்க்கில் சுக்குக் காப்பியோடு உட்காருவேன்.

பக் பலகையில் மோதும் சத்தம் டிவியில் சரியாகவே கேட்காது. நேரில் அது வெடி மாதிரி இருக்கும், முதல்தடவை நான் பயந்து காப்பியைக் கொட்டிவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு அடி தள்ளி எங்கள் அணியின் ஜோஸ்லின் லரோக் ஓர் எதிராளியை ஓரம்கட்டும்போது இருவரும் மூச்சு வாங்குவது கேட்கும், ஒருவருக்கொருவர் கத்தி ஆள் சொல்லுவது கேட்கும். இன்டர்வெல்லில் ஐஸ் வழவழப்பாக்கும் வண்டி சுற்றி வரும், அதைப் பார்க்கவே குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும். மார்க்கமில் நம் தமிழ்க் குடும்பங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பலகைகளில் நம் முகங்களை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே நடக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவே இல்லை. விளம்பரத்துக்கென்று செலவு பண்ணும் நிலையில் அணி இல்லை.

கேள்வி (பெங்களூரு): 2018 இறுதி ஆட்டத்தைப் பார்த்தீர்களா? ஷென்சென் அணி கூட ஆடியதாமே, சீன அணிக்குக் கனடாவில் என்ன வேலை?

பார்த்தேன். ஆட்டத்துக்கு முன்னால் சீனாவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் இரண்டுக்கும் அதில் பங்கு உண்டு.

2022 குளிர்கால ஒலிம்பிக்ஸை பெய்ஜிங் நடத்தப் போகிறது, நடத்தும் நாட்டுக்கு உருப்படியான பெண்கள் அணி வேண்டும். அதற்காக 2017இல் குன்லுன் ரெட் ஸ்டார், வாங்கே ரேஸ் என்று இரண்டு சீன அணிகள் கனடிய லீக்கில் சேர்ந்தன, இரண்டுக்கும் ஊர் ஷென்சென். அமெரிக்காவின் கெல்லி ஸ்டாக், ஃபின்லாந்து கோல்கீப்பர் நூரா ராத்தி போன்ற பெரிய ஆட்களைக் கூப்பிட்டு, சீனாவில் விளையாட்டைப் பரப்பும் தூதர்கள் என்று லீக் வரம்புக்கு வெளியே நல்ல சம்பளம் கொடுத்தார்கள். கனடிய அணிகள் பனிக்கோட்டை மூட்டை கட்டிக்கொண்டு, வெயில் கொளுத்தும் தென்சீன நகரத்துக்குப் பறந்து போய் வரிசையாக ஆட்டங்களை முடித்துவிட்டுத் திரும்பும். பகல் வேலை செய்கிற பெண்களுக்கு அந்த லீவு கிடைப்பது எவ்வளவு பாடு என்று யோசியுங்கள். ஆனால் சீனாவிலிருந்து வந்த பணம்தான் லீக்குக்குத் தெம்பு. முதல்முறையாகச் சம்பளம் கொடுத்ததும் சீன அணிகள் சேர்ந்த அதே சீசனில்தான்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். பிராம்டனாக இருந்தபோது தண்டர் கிளார்க்சன் கோப்பை இறுதியில் இரண்டு தடவை தோற்றிருந்தது, 2010இல் மினசோட்டா ஒயிட்கேப்ஸிடம், 2012இல் மாண்ட்ரியலிடம். 2018இல் அரையிறுதியில் முந்தைய வருட சாம்பியன் மாண்ட்ரியலை வீழ்த்திவிட்டு இறுதிக்கு வந்தார்கள். எதிரில் குன்லுன். இடம் டொராண்டோவின் ரிக்கோ கொலிசியம்.

அதற்கு ஒரு மாதம் முன்னால் பியோங்சாங் ஒலிம்பிக்ஸ் இறுதியில் கனடா ஷூட்அவுட்டில் அமெரிக்காவிடம் தோற்றிருந்தது. அந்தக் கனடா அணியில் நம் ஆட்கள் மூவர்: லரோக், லாரா ஃபோர்டினோ, லாரா ஸ்டேசி. மேடையில் வெள்ளிப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டதும் லரோக் அதை உடனே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், உலகம் முழுக்க அதைக் காட்டினார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார். நான் அதைத் திமிர் என்று நினைக்கவில்லை. நான்கு வருட உழைப்பு கண்முன்னால் கைநழுவினால் யாருக்குத்தான் தாங்கும்.

இறுதி ஆட்டம் 1-1 என்று சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. ராத்தி சுவர் மாதிரி நின்றார், எந்தப் பக்கத்திலிருந்து அடித்தாலும் காலோ கையோ குறுக்கே வந்தது. எங்கள் கோல்கீப்பர் எரிகா ஹவ்வும் சளைக்கவில்லை. கூடுதல் நேரம் முடிய இன்னும் கொஞ்சமே இருக்கும்போது லாரா ஸ்டேசியின் மட்டையிலிருந்து போனது உள்ளே விழுந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், அறுபது வயதிருக்கும், தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். யாரோ ஓர் ஆட்டக்காரரின் அப்பாவாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கேள்வி (யாழ்ப்பாணம்): கிளார்க்சன் கோப்பை என்ற பெயர் எப்படி வந்தது?

ஏட்ரியன் கிளார்க்சன், கனடாவின் ஆளுநர் நாயகமாக இருந்தவர். ஹாங்காங்கில் பிறந்து, சின்ன வயதில் அகதியாகக் கனடாவுக்கு வந்தவர். 2004-05இல் சம்பளத் தகராறில் என்எச்எல் சீசன் முழுவதும் நின்றுபோனபோது, ஆண்கள் ஆடாவிட்டால் அவர்களுடைய ஸ்டான்லி கோப்பையைப் பெண்களுக்குக் கொடுங்களேன் என்று கேட்டவர் அவர். அது நடக்கவில்லை, பெண்களுக்கென்றே ஒரு கோப்பையைச் செய்யச் சொன்னார். கனடாவின் வடகோடியில் இருக்கும் நுனாவுட்டின் இனூயிட் பழங்குடிக் கலைஞர்கள் வெள்ளியில் செய்தார்கள், பக்கத்தில் பார்த்தால் வேலைப்பாடு அவ்வளவு அழகு. 2019க்குப் பிறகு அது எந்த அணிக்கும் வழங்கப்படவில்லை.

கேள்வி (சென்னை): அப்புறம் ஒரே வருடத்தில் என்னதான் ஆனது?

வெளியிலிருந்து பார்த்தால் 2018-19 நல்ல சீசன். ஜெய்னா ஹெஃபர்ட் லீக்கின் இடைக்கால ஆணையராக வந்தார். நவம்பரில் அவரை ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம் என்கிற புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். தண்டர் மறுபடியும் அரையிறுதி வரை வந்தது. 2019 மார்ச் 24ஆம் தேதி இறுதியில் கால்கரி இன்ஃபெர்னோ 5-2 என்று மாண்ட்ரியலை வென்றது, டிவியில் சுமார் 1,75,000 பேர் பார்த்தார்கள், லீக்குக்கு அதுவரை இல்லாத கூட்டம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டக்காரர்களை எல்லாம் ஒரு தொலைபேசி அழைப்பில் சேர்த்து, மே 1ஆம் தேதியோடு லீக் மூடப்படுகிறது என்று சொன்னார்கள். ஆட்டத்தின் தரம் சிறப்பாக இருக்கிறது, ஆனால் இந்தத் தொழில் முறை பொருளாதார ரீதியாகத் தாக்குப்பிடிக்காது என்பதுதான் அறிவிப்பின் சாரம். மறுநாள் ஏப்ரல் 1. இது முட்டாள்கள் தின விளையாட்டு என்று நினைத்து எனக்கு ஒரு தோழி கோபமாகப் போன் செய்தாள்.

உள்ளே மூன்று கயிறு அறுந்திருந்தது. சீனாவின் இரண்டு அணிகள் 2018இல் ஒன்றாக்கப்பட்டன, அந்தப் பக்கத்துப் பணத்தை நம்பி முன்னே போக முடியாத நிலை. இரண்டாவது, 2015இல் அமெரிக்காவில் தனியாக ஒரு மகளிர் லீக் தொடங்கியது. அங்கே முதலில் 10,000 முதல் 26,000 டாலர் வரை சம்பளம் சொன்னார்கள், அடுத்த வருடமே நடு சீசனில் பாதி வரை வெட்டினார்கள், அது வேறு சோகம். ஒரே அளவு ஸ்பான்சர்கள், அதே ஆட்டக்காரர்கள், இரண்டு லீக், இரண்டுமே இளைத்தன. மூன்றாவது, நான் முன்னால் சொன்ன அமைப்பு. லாபநோக்கமற்றது என்பதால் பங்கு வாங்கிப் பணம் போட ஆள் வர முடியாது, நன்கொடையும் ஸ்பான்சரும்தான் கதி. மார்க்கம் மட்டும் பிழைத்துக்கொள்ளட்டும் என்று யாராவது உள்ளூர்க்காரர் நினைத்திருந்தாலும் லீக்கை விட்டுப் பிரித்தெடுக்க அங்கே தனியாக ஒன்றும் இல்லை. பெயரும் சீருடையும்கூட லீக்குக்குச் சொந்தம்.

கேள்வி (திருநெல்வேலி): வருத்தப்படாதீங்க, ஆனா உண்மை என்னன்னா பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது. சந்தை முடிவு பண்ணிடுச்சு. இதுல யாரை நொந்துக்கறது?

வருத்தப்படவில்லை தம்பி, பதில் சொல்கிறேன். 2024 ஏப்ரல் 20ஆம் தேதி மாண்ட்ரியல் பெல் சென்டரில் மாண்ட்ரியலும் டொராண்டோவும் ஆடிய பெண்கள் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 21,105 பேர். ஓர் இருக்கை காலியில்லை. தண்டர் மூடி ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது, நாடும் அதே நாடு, குளிரும் அதே குளிர், மாண்ட்ரியல் பக்கம் ஆடியவர்களில் லாரா ஸ்டேசியும் ஒருவர், தண்டருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த அதே ஸ்டேசி.

என்ன மாறியது? பெரிய அரங்கம், நல்ல நேரம், டிவி, விளம்பரம், முழுநேரச் சம்பளம். கடையைச் சந்துக்குள் வைத்து, பலகை மாட்டாமல், ராத்திரி மட்டும் திறந்துவிட்டு, ஆள் வரவில்லை, அதனால் சரக்கு மட்டம் என்று சொன்னால் நியாயமா? சந்தை முடிவு பண்ணிவிட்டது என்கிறீர்கள். சந்தைக்கு அந்தச் சரக்கைக் கொண்டுவரவே இல்லை என்கிறேன் நான். கூட்டம் குறைவாக இருந்தது உண்மை, அதை மறைக்க மாட்டேன், சில ஆட்டங்களில் இருநூறு பேரை எண்ணியிருக்கிறேன்.

கேள்வி (புதுச்சேரி): இவ்வளவு பணம் வைத்திருக்கும் என்எச்எல் ஏன் கை கொடுக்கவில்லை?

கொடுத்தது, வருடத்துக்கு ஒவ்வொரு மகளிர் லீக்குக்கும் 50,000 டாலர். அவர்கள் அளவுக்கு அது டீ செலவு. இரண்டு லீக் இருக்கும்போது ஒன்றை ஆதரித்து மற்றதைக் கொல்ல மாட்டோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஓரளவு புரிந்துகொள்ளலாம். ஆனால் தண்டர் மாதிரி அணிகள் மூச்சுத் திணறியபோது இன்னும் நாலு மடங்கு கொடுத்திருந்தாலும் அவர்கள் கணக்கில் தெரிந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி (லண்டன்): அந்த ஆட்டக்காரர்கள் பிறகு என்ன ஆனார்கள்?

2019 மே மாதம் இருநூறு பேர் சேர்ந்து, உருப்படியான சம்பளமும் காப்பீடும் இல்லாத எந்த லீக்கிலும் வட அமெரிக்காவில் ஆட மாட்டோம் என்று அறிவித்தார்கள். பிறகு சங்கம் அமைத்தார்கள், அதற்குத் தலைமை தாங்கியவர் அதே ஹெஃபர்ட். ஊர் ஊராகக் காட்சி ஆட்டம் ஆடினார்கள். கொரோனாவும் நடுவில் வந்தது. முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்த சிலருக்கு ஆடும் வயதே அந்தக் காத்திருப்பில் கரைந்துவிட்டது, அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

2023 கோடையில் மார்க் வால்டர் என்ற கோடீஸ்வரரும் டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்கின் நிறுவனமும் சேர்ந்து அமெரிக்க லீக்கின் சொத்துகளை வாங்கி, எல்லோரையும் ஒரே லீக்கில் கொண்டுவந்தார்கள். 2024 ஜனவரி 1ஆம் தேதி டொராண்டோவில் முதல் ஆட்டம். அந்த முதல் சீசனில் குறைந்தபட்சச் சம்பளம் 35,000 அமெரிக்க டாலர், அணிக்கு ஆறு பேருக்காவது 80,000. ஹெஃபர்ட் அங்கே ஆட்டப் பிரிவின் மூத்த துணைத் தலைவர் ஆனார். லரோக்கை டொராண்டோ எடுத்தது, தண்டரில் ஆடிய ஜேமி லீ ராட்ரே பாஸ்டன் போனார், எரிகா ஹவ்வும் டொராண்டோவில் ஒரு சீசன் இருந்தார். டொராண்டோவின் அந்த அணி, டொராண்டோ செப்டர்ஸ், இப்போது ஆடுவது கோகோ கோலா கொலிசியத்தில். பெயர் மாறிய ரிக்கோ கொலிசியம்தான் அது, தண்டர் கோப்பை வென்ற அதே கட்டிடம். போன வருடம் அங்கே போனபோது 2018இல் நான் உட்கார்ந்த பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். அந்த இருக்கையில் ஒரு சின்னப் பெண் அப்பாவின் தோளில் ஏறிக் கத்திக்கொண்டிருந்தாள்.

புதிய லீக்கிலும் எல்லா அணிகளும் ஒரே உரிமையாளருக்குச் சொந்தம். மறுபடி ஒரே கூடைதான். இந்தத் தடவை கூடை பெரிது, பணமும் ஆழம். ஆட்டக்காரர்களுக்கு 2031 வரை ஒப்பந்தம் கையில் இருக்கிறது, தண்டர் பெண்களுக்கு அப்படி ஒரு காகிதம் இருந்ததில்லை. இருந்தாலும் எனக்கு ஓர் ஓரத்தில் பயம் இருக்கத்தான் செய்கிறது.

கேள்வி (ஓசூர்): இந்தியாவில் பெண்கள் ஐஸ் ஹாக்கி உண்டா?

உண்டு. பெரும்பாலும் லடாக் பெண்கள், உறைந்த குளத்தில் பழகியவர்கள். 2025இல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார்கள். அவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்னொரு நாள் கேளுங்கள்.

கேள்வி (ஸ்காபரோ): அக்கா, மகளுக்கு எட்டு வயசு. ஹொக்கிக்குச் சேர்த்துவிடச் சொல்லி ஒரே ஆக்கினை. எங்கட ஆக்கள் இவ்வளவு செலவழிச்சு இதுக்கு விடுவினமோ எண்டு அவர் யோசிக்கிறார். என்ன செய்யலாம்?

சேர்த்துவிடுங்கள் தங்கச்சி. முதலிலேயே அணியில் போட்டுப் பணத்தைக் கட்டாதீர்கள். இந்தக் குளிர்காலம் முழுக்க நகராட்சியின் வெளி ரிங்க்குகளில் இலவசமாகச் சறுக்க விடுங்கள். விழுந்து எழுந்து சிரித்தால் ஆசை உண்மை, அடுத்த வருடம் உங்கள் பகுதிப் பெண்கள் சங்கத்தில் தொடக்க வகுப்பு எடுக்கலாம். பையன்களோடு கலந்து விடுவதைவிட பெண்கள் சங்கம் நல்லது என்று நான் நினைக்கிறேன், அங்கே அவளை ஒதுக்க ஆளில்லை. மட்டை, கால் கவசம், தோள் கவசம் எல்லாம் பழையதே போதும், பிள்ளைகள் ஆறு மாதத்தில் வளர்ந்துவிடும். தலைக்கவசம் மட்டும் புதிதாக, தர முத்திரை பார்த்து வாங்குங்கள். ஸ்கேட் பெரிதாக வாங்கிவிட்டால் அடுத்த வருடமும் ஆகும் என்று நினைக்காதீர்கள், கணுக்கால் ஆடி அழுதுகொண்டு வீட்டுக்கு வருவாள், சரியான அளவு வேண்டும்.

அவரை ஒரு சனிக்கிழமை செப்டர்ஸ் ஆட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். மகளைப் பலகைக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார வையுங்கள். ஜாக்கெட்டும் கையுறையும் மறக்க வேண்டாம், உள்ளே நல்ல குளிர்.